முதுகுக் கொக்கிகள்

“எனக்கு யாருடி கொக்கி மாட்டி விடுவா?” என்று அம்மா ஒருமுறை கேட்டிருந்தாள். அன்றைக்குப் பிலோமினா பாச்சை உருண்டை வாசனை தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அவ்வளவுதான்.

இப்போதும் அதே வாசனைதான் வந்தது. கட்டிலுக்கடியில் குப்புறப் படுத்து, தகரப் பெட்டியின் பிடியைப் பற்றி அவள் இழுத்துக்கொண்டிருந்தாள். மேலே கட்டிலில் அம்மா கிடந்தாள். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் மூச்சு நின்றிருந்தது. தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி, கைவிரல்களில் செபமாலையைச் சுற்றியாகிவிட்டது. தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. லாலாகுடா ரயில்வே பட்டறைச் சங்கு ஊதி ஓய்ந்து, மெட்டுகுடா லைன் வீடுகளிலிருந்து ஆண்கள் வேலைக்குப் போகும் செருப்புச் சத்தமும் அடங்கியிருந்தது. அப்பா தேவசகாயம் மட்டும் இன்றைக்குப் போகவில்லை.

“அங்க என்னத்தடி குடையற? கை கால் வெறைக்கறதுக்குள்ள குளிப்பாட்டணும்” என்றாள் சவேரியம்மாள். அப்பாவின் அக்கா. திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து தம்பி பெண்டாட்டிக்கு உடம்பு முடியவில்லை என்று வந்தவள், இரண்டு வருஷமாக இங்கேதான் இருந்தாள். அவள் கையில் அம்மாவின் கூறைப்புடவை மடிப்புக் கலையாமல் இருந்தது.

பிலோமினா பெட்டியைத் திறந்து, பழைய படுக்கை விரிப்பில் சுற்றியிருந்த மூட்டையைப் பிரித்தாள். மசி நீலத்தில் பட்டுக் கவுன் ஒன்று வெளியே வந்தது. கழுத்தைச் சுற்றிக் கடுகளவு கண்ணாடி மணிகள். முதுகில் மேலிருந்து கீழே இடுப்பு வரைக்கும் கொக்கிகள்.

அத்தை அதையும் பார்த்தாள், பிலோமினாவையும் பார்த்தாள்.

“எதுக்கு அது?”

“அம்மாவுக்கு.”

“பொணத்துக்குப் பட்டுக் கவுனா? சட்டைக்காரிச்சியையா பொதைக்கப் போறோம்?”

பிலோமினா பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசிப் பழகாதவள். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு அம்மாவின் கட்டிலோடு கிடந்ததில் இருந்த பேச்சும் குறைந்துபோயிருந்தது. தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

“அம்மா கேட்டுச்சு அத்தே. செவ்வாக்கெழம. அதப் போட்டு அனுப்பு, கொக்கி பூராவும் மாட்டி அனுப்புன்னுச்சு. நான் சரின்னுட்டேன்.”

அந்தக் கவுன் வீட்டுக்கு வந்த நாள் பிலோமினாவுக்கு நன்றாக நினைவிருந்தது. பெரிய யுத்தம் முடிந்த வருஷம். அனாதைப் பிள்ளைகள் மடத்துக்குப் பணம் சேர்க்க, துரைசானிகள் வருஷா வருஷம் ரயில்வே இன்ஸ்டிட்யூட் மண்டபத்தில் பழைய துணிமணி விற்பார்கள். சேல் என்றால் மெட்டுகுடாவில் எல்லாருக்கும் அதுதான். காலையில் துரைசானிகளே தங்களுக்குள் வாங்கிக்கொள்வார்கள். சாப்பாட்டுக்கு மேல் ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரக் குடும்பங்கள் போகும். சாயங்காலம், மேசைகளை மடக்குவதற்கு முந்திய அரைமணி நேரம் பங்களா வேலைக்காரர்களுக்கு. அதற்குள் நல்லதெல்லாம் போய்விட்டிருக்கும். ஒற்றைக் காலுறை, சாயம் போன திரைச்சீலை, பொத்தான் இல்லாத சட்டை, இவைதான் மிஞ்சும். அந்த வருஷம் அம்மா ஒரு மூட்டைத் திரைச்சீலை வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து பிரித்தபோது உள்ளே நீலமாக ஓடியது.

உள்கழுத்தில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டுத் துண்டு தைத்து, தங்க நூலில் இங்கிலீஷ் எழுத்து போட்டிருந்தது. மூன்றாவது படித்துக்கொண்டிருந்த பிலோமினா எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

“ஊரு பேரா, ஆளு பேரா?” என்று அம்மா கேட்டாள்.

“மேல ஆளு பேரும்மா. கீழ பாரிஸ்.”

“தச்சவன் பேரப் போட்டிருக்கான் பாரு. கொல்லத்துக்காரன் வீடு கட்டிட்டு மேல பேரு வெட்டிக்கறாப்பல” என்று அம்மா சிரித்தாள். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒருநாள், கோடையில், கதவைச் சாத்திவிட்டு அதை எடுத்துக் காற்றாட விடுவாள். சில வருஷம் போட்டும் பார்ப்பாள். கையைப் பின்னால் வளைத்து, மேலே இரண்டு, கீழே ஒன்று என்று மூன்று கொக்கி எட்டும். அதற்கு மேல் எட்டாது. எட்டினாலும் அன்றைக்கு அம்மா இருந்த பருமனுக்கு மூடாது. “இத ஒருத்தி தனியாப் போட்டுக்கவே முடியாதுடி. துரைசானிக்கு எத்தன வருஷமா நான் மாட்டி விடறேன்” என்றவள், கண்ணாடி மணிகளை விரலால் தடவிக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

குளிப்பாட்டி முடித்தபோது பட்டறைத் தச்சன் துரைராஜ் சவப்பெட்டியைக் கொண்டுவந்தார். நல்ல தேக்கு. சாமான் வந்த பலகையில் அடித்ததாக இருக்கும் என்றுதான் அத்தை நினைத்திருந்தாள். அவள் பெட்டியைத் தடவிப் பார்ப்பதைக் கண்டு துரைராஜ் சொன்னார்.

“நக்கோ, வேணாம்னுட்டாரு துரை. மேரி ஆயாவுக்குப் பழைய பலகை நக்கோ, ஸ்டோர்லேருந்து எடுன்னுட்டாரு.” பிறகு அப்பாவைப் பார்த்து, “நாலு மணிக்கு அம்மா வராங்களாம். பூவோட. சொல்லச் சொன்னாங்க” என்றார்.

அம்மா என்றால் துரைசானி, பட்டறைத் துரையின் மனைவி. பதினைந்து வருஷம் அம்மா ஆயாவாக இருந்த பங்களாவின் எஜமானி.

அப்பா துரைராஜை அனுப்பிவிட்டு உள்ளே வந்தார். கட்டிலின் ஓரத்தில் விரித்திருந்த நீலப் பட்டைக் கண்டதும் அவர் முகம் வெளுத்தது. கதவைச் சாத்தினார். அத்தை இருப்பதைக்கூடப் பார்க்காமல், இத்தனை வருஷம் சொல்லாததைச் சொன்னார்.

அந்த வருஷம் சேலுக்குத் துணி ஒதுக்கும்போது துரைசானி கட்டிலில் இரண்டு கவுன்களைப் போட்டாளாம். பச்சையைக் கொடுத்துவிடு, நீலத்தைப் பீரோவில் வை என்றாளாம். அம்மா பச்சையைப் பீரோவில் வைத்துவிட்டாள். நீலத்தைப் பழைய திரைச்சீலைக்குள் சுருட்டி மேசைக்கு அனுப்பினாள். திரைச்சீலையை எந்தத் துரைசானியும் பிரிக்கமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். சாயங்காலம் அந்த அரைமணி நேரத்தில் நேராகப் போய், அடியில் கிடந்த அதே மூட்டையைக் காசு கொடுத்து எடுத்துக்கொண்டாள். அடுத்த மாசம் துரைசானி நீலத்தைத் தேடினாள். ஒன்றும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் உள்ளங்கையை நீட்டினாள். அம்மா மடியிலிருந்த பீரோச் சாவியை அதில் வைத்தாள். அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் அம்மா அந்தப் பங்களாவில் துணி தேய்த்தாள், தலை சீவி விட்டாள், கொக்கி மாட்டி விட்டாள். பீரோவை மட்டும் துரைசானியே திறந்தாள்.

“நான் கேட்டேன் அவகிட்ட. துணி மாறிப்போச்சுங்கன்னா. பச்சைக்கும் நீலத்துக்குமா அவளுக்கு வித்தியாசம் தெரியாது?”

அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள். “மாதாவே. இதப் போட்டுக் கெடத்தி வச்சா, வந்தவ நடுவீட்டுல நின்னு திருடின்னுட்டுப் போவா. துரை காதுல விழுந்தா வேலை போகும். வேலை போனா இந்த வீடும் போகும். குடுத்த பெட்டியக்கூடத் திருப்பிக் கேப்பான்.”

“வேலை கெடக்குது” என்றார் அப்பா. “அவ பேரு கெடக்கூடாது பிலோமி. இன்னிக்கு ஒருநா. கூறையக் கட்டு. இத அடியில மடிச்சு வச்சிரலாம். அவளோடயே போவட்டும்.”

அது நியாயமாகத்தான் பட்டது. பிலோமினா கவுனின் ஒரு கையை எடுத்து மடிக்கக்கூடச் செய்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நெஞ்சு நோய் தின்று தின்று கன்ன எலும்பு இரண்டும் மேலே வந்திருந்தன. செவ்வாய்க்கிழமை அந்த முகத்தில் கண் மட்டும்தான் பழையபடி இருந்தது. புத்தி தடுமாறிய கண் இல்லை. ‘கொக்கி பூராவும்’ என்று சொல்லிவிட்டு, பிலோமினா தலையாட்டும் வரைக்கும் அந்தக் கண் நகரவில்லை.

அம்மா படுக்கையில் விழுவதற்கு முந்திய வருஷம் அதே பங்களாவின் சமையல்காரர் இறந்தபோது துரைசானி நாலு மணிக்கு வந்தாள், பூவோடு. அதற்கு முன்னால் தோட்டக்காரன் செத்தபோதும் வந்தாள். எந்த வேலைக்காரன் வீட்டுச் சாவுக்கும் அவள் வராமல் இருந்ததில்லை. திரும்பி வந்து அதைப் பற்றி அம்மாதான் லைன் முழுக்கச் சொல்லுவாள்.

“அப்பா” என்றாள் பிலோமினா. “அவங்க வருவாங்கன்னு அம்மாவுக்குத் தெரியாதா?”

அப்பா நிமிர்ந்தார்.

“தெரிஞ்சுதாம்ப்பா கேட்டுச்சு.”

அடுப்பில் மிச்ச வெந்நீர் கொதித்துத் தட்டு ஆடியது. அப்பா கட்டிலருகே வந்து அம்மாவின் நெற்றியில் கை வைத்தார். பிறகு வெளியே போனார். போகும்போது கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகவில்லை. இரண்டு பலகையையும் சேர்த்து, நாதாங்கி விழும்படி இழுத்துச் சாத்திவிட்டு, வாசலில் வந்தவர்களிடம் இன்னும் நேரமாகும், பெண்டுகள் உடுத்துகிறார்கள் என்று சொல்வது கேட்டது.

அத்தை கூறைப்புடவையைக் கொடியில் போட்டாள். முணுமுணுத்துக்கொண்டே தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

“சரி, போட்டுத் தொலை. முதுகை வெட்டி விடு. முன்னால வச்சு ரெண்டு பக்கமும் அடியில சொருகிட்டா ஆச்சு. ஊருல எல்லாம் அப்படித்தான் உடுத்துவோம். செத்தவ முதுக யாரு பாக்கப் போறா?”

“வெட்டக்கூடாது அத்தே.”

“கை வெறைச்சிருச்சுடி.”

பிலோமினா கத்தரிக்கோலை வாங்கித் திரும்பப் பெட்டியில் போட்டு மூடினாள். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து அம்மாவின் தோளைச் சுற்றி ஒத்தடம் கொடுத்தாள். முழங்கையை மெல்ல மெல்ல மடக்கி நீட்டினாள். எண்ணெய் தேய்த்து நீவினாள். ஒரு கையை நுழைக்கவே வெயில் சன்னலிலிருந்து சுவருக்கு ஏறிவிட்டது. இரண்டாவது கை பாதியில் நின்றது. இழுத்தால் பட்டுக் கிழியும், தள்ளினால் அம்மாவுக்கு வலிக்கும் என்று தோன்றியது. அம்மாவுக்கு இனி வலிக்காது என்று அத்தை சொல்லவில்லை. சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து, குழந்தைக்குச் சட்டை மாட்டுவதுபோல் உள்ளேயிருந்து விரல்களைக் கூட்டி வெளியே கொண்டுவந்தாள்.

“ஒருக்களிச்சுப் பிடிச்சுக்கறேன். நீ மாட்டு” என்றாள். “சீக்கிரமா. பாரம் தெரியல எனக்கு, அதுதான் பயமா இருக்கு.”

பிலோமினா முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொரு கொக்கியும் நெல்லளவுதான். எதிரே நூலால் பின்னிய கண்ணி. கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் இரண்டு பக்கத்தையும் இழுத்துச் சேர்த்து, கொக்கியைக் கண்ணிக்குள் தள்ளி, விடாமல் பிடித்துக்கொண்டே அடுத்ததற்குப் போக வேண்டும். விட்டால் முந்தியது கழன்றுவிடும். மூன்று முறை கழன்றது. அம்மா இதைத் தினமும் செய்தாள். இன்னொருத்தியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவள் முகத்தைக் கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு.

ஒரு காலத்தில் மூடாமல் இருந்த பட்டு இப்போது இழுக்காமலே சேர்ந்தது. அது பிலோமினாவுக்குப் பிடிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினாள். பதினாலு. பதினைந்து. கொக்கி நுனி குத்தி விரலில் ரத்தம் துளிர்த்தபோது, பட்டில் படாமல் இருக்க வாயில் வைத்துச் சப்பிவிட்டு மறுபடி பிடித்தாள்.

“எத்தன இருக்கு இன்னும்?”

“பத்து.”

“வெள்ளக்காரனுக்கு ஒரு பொத்தான் வச்சுத் தொலைச்சா என்ன” என்றாள் அத்தை. ஆனால் பிடியைத் தளர்த்தவில்லை.

கடைசிக் கொக்கி பிடரியில், தலைமுடிக்குக் கீழே இருந்தது. பிலோமினா பின்னலை ஒதுக்கிவிட்டு அதையும் மாட்டினாள். இருபத்தொன்பது. “ஆச்சும்மா” என்று சொன்னாள், அம்மாவின் காதுக்கு மட்டும்.

நாலு மணிக்கு மோட்டார் சத்தம் கேட்டது. செபம் சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வழி விட்டார்கள். கோயிலிலிருந்து சாமியார் இன்னும் வரவில்லை. தேக்குப் பெட்டி இரண்டு முக்காலிகள்மேல் நடுவீட்டில் இருந்தது. அம்மா அதற்குள் மசி நீலத்தில் கிடந்தாள். கண்ணாடி மணிகளில் மெழுகுவர்த்தி வெளிச்சம் துண்டு துண்டாக இருந்தது.

துரைசானி தொப்பியும் சாம்பல் நிறக் கவுனும் போட்டிருந்தாள். கையில் பங்களாத் தோட்டத்து வெள்ளை ரோஜாக்கள். வாசலில் அப்பாவுக்குத் தலையசைத்தாள். நிலைக்குக் குனிந்து உள்ளே வந்து, பெட்டிக்கருகே நின்று முதலில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவள் பார்வை கழுத்துக்கு இறங்கி, அங்கேயே நின்றது.

அத்தையின் செபமாலை நின்றது. அப்பா தரையைப் பார்த்தார். தலைமாட்டில் நின்ற பிலோமினாவுக்குக் குனியத் தோன்றியது. குனியவில்லை. துரைசானி கண்ணை உயர்த்தியபோது அவளை நேராகப் பார்த்தாள்.

துரைசானி அவளைப் பார்த்தாள், பெட்டியின் விளிம்பில் இருந்த அவள் விரல்களைப் பார்த்தாள். நுனிகள் எல்லாம் சிவந்து கன்றியிருந்தன. உறை போட்ட தன் வலது கையை மெல்ல உயர்த்தி, தொப்பிக்குக் கீழே, தன் பிடரியில், கடைசிக் கொக்கி இருக்கும் இடத்தில் வைத்தாள். ஏதோ சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல விரல்கள் அங்கே தடவின.

இடது கையால் ரோஜாக்களை அம்மாவின் காலருகே வைத்தாள். பட்டின்மேல் படாமல், பலகை ஓரத்தில். பிறகு திரும்பினாள். பெண்கள் மறுபடி வழி விட்டார்கள். துரைராஜ் ஓடிப்போய் மோட்டாரின் கதவைத் திறந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் அவள் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பி, குழாயடியைத் தாண்டி, ரயில் கேட்டுப் பக்கம் திரும்பியது. அதுவரைக்கும் அந்தக் கை பிடரியிலேயே இருந்தது.