மார்செலினின் மூன்று நிமிடம்

பீன்ஸ் பானையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு சங்கக் கூடத்தின் படியேறிய ஆர்மான்ட், கதவை முதுகால் தள்ளித் திறந்து உள்ளே திரும்பினார். எதிரே மேடையில் அணை நின்றது.

படம்தான். வெள்ளைத் திரையில் லெவிட் ஃபால்ஸ் அணையின் படம், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'பொதுமக்கள் கருத்துக் கூட்டம், வியாழன் மாலை ஆறு மணி'. கழுத்தில் அடையாள அட்டை தொங்க இரண்டு பேர் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூலையில் ஒரு பெண், பேசுவதைப் பதிவு செய்யும் சின்னத் தட்டச்சுக் கருவியை முக்காலியில் பொருத்திக்கொண்டிருந்தாள். சற்று முன்புதான் மனைவியை மண்ணுக்குள் இறக்கிவிட்டு வந்த மனிதருக்கு இதெல்லாம் என்னவென்று உடனே விளங்கியது.

இந்த வியாழக்கிழமையிலிருந்து தப்பிக்கத்தான் அவர் அடக்கத்தையே வியாழக்கிழமை வைத்தார். பாதிரியார் புதனா வியாழனா என்று கேட்டபோது, யோசிக்காமல் வியாழன் என்றார். கூட்டம் எந்த இடத்தில் என்று மார்செலினிடம் அவர் கேட்டதே இல்லை. மனைவியைப் புதைத்த அன்று மைக்கைப் பிடித்துப் பேசு என்று எந்த ஊரிலும் யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா? வாழ்நாள் முழுக்க ஊராட்சியின் பனி அள்ளும் வண்டியைத் தனியாக ஓட்டிய மனிதர் அவர். தேவாலயத்தில் பாட்டு வந்தால் உதட்டை மட்டும் அசைப்பார்.

ஞாயிறு காலையில் மார்செலின் கட்டிலில் படுத்தபடியே கேட்டாள்: "வியாழக்கிழமை நீ போவல்ல?"

"ம்."

"ம்னா?"

"போறேன்னா போறேன்."

அவர் காப்பி போட்டு எடுத்து வருவதற்குள் அவள் போய்விட்டாள். அந்த வாக்கு மட்டும் கோப்பையோடு அவர் கையில் நின்றது.

"கூட்டத்துக்கு வந்தீங்களா? சீக்கிரமே வந்துட்டீங்களே," என்றாள் அட்டை தொங்கியவர்களில் மூத்தவள். அட்டையில் கிம்பல் என்றிருந்தது. அணைகளுக்கு உரிமம் கொடுக்கும் வாஷிங்டன் அலுவலகத்திலிருந்து வந்தவள், கூட்டத்தை நடத்துபவள்.

"இது சாவு வீட்டுச் சாப்பாடு," என்றார் ஆர்மான்ட்.

கிம்பல் பானையைப் பார்த்தாள், அவருடைய கறுப்புக் கோட்டைப் பார்த்தாள். "இங்கயா? இந்தக் கூடத்த நாங்க பதிவு பண்ணியிருக்கமே. மார்செலின்னு ஒருத்தங்க. போன்ல அவ்வளவு நேரம் பேசுனாங்க. அவங்க எங்க?"

பின்னால் வந்த மார்செலினின் தங்கை ஜினெட் கையில் இருந்த பெரிய கரண்டியால் குன்றின் பக்கம் காட்டினாள். கல்லறைத் தோட்டம் அங்கேதான் இருந்தது.

இப்படி ஒரு பிசகு எங்கள் ஊரில்தான் நடக்கும். கூடத்தை யாருக்கு எந்த நாள் கொடுத்திருக்கிறது என்பது மார்செலினின் தலைக்குள் இருந்த விஷயம். சாவி அவள் வீட்டுக் குளிர்பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். ஜினெட் சாவியை எடுத்துக்கொண்டாள், நாள் காலியா என்று யாரிடமும் கேட்கவில்லை. பதில் சொல்ல வேண்டியவள் சவப்பெட்டிக்குள் இருந்தாள்.

"நாங்க சர்ச்சுக்குப் போயிடறோம்," என்றார் ஆர்மான்ட் அவசரமாக. பானை கையிலேயே இருந்தது.

"எங்க போற? சர்ச்ல அடுப்பு எரியாது," என்றாள் ஜினெட். கிம்பலிடம் திரும்பினாள். "நீங்க கூட்டத்த தள்ளி வைக்க முடியுமா?"

"பேப்பர்ல விளம்பரம் குடுத்தாச்சு. இன்னிக்கு இங்கதான் நடத்தணும்."

"அப்ப நடத்துங்க. நீங்க பேசுங்க, நாங்க சாப்பிடறோம். நீங்களும் சாப்பிடுங்க. ஆர்மான்ட், அந்தப் பானைய கீழ வெய்யி, குழந்தையத் தூக்கி வெச்சிருக்கிற மாதிரி நிக்காத."

பானையைக் கீழே வைத்தார்.

விஷயம் இதுதான். ஊரின் பெயரில் அருவி இருக்கிறது, ஊரில் இல்லை. ஆர்மான்டின் அப்பா பிறப்பதற்கு முன்பே ஆற்றை அணையில் மறித்து, குழாயில் ஏற்றி, ஊரைச் சுற்றி மின் நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஊர் நடுவே பாலத்துக்கு அடியில் மிச்சமிருப்பது காய்ந்த பாறை. அணையின் உரிமம் இப்போது முடிகிறது. புதிதாகக் கொடுத்தால் நாற்பது வருஷத்துக்கு யாரும் வாய் திறக்க முடியாது. அணையை உடை என்று மார்செலின் சொன்னதே இல்லை. பழைய தடத்திலும் கொஞ்சம் தண்ணீர் விடு என்றுதான் கேட்டாள். இந்தக் கூட்டத்தில் மக்கள் சொன்னதற்குக் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாததற்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஊர்க்காரர்களோ கடையில் நின்றால் மணிக்கணக்கில் அணையைத் திட்டுவார்கள், மைக்கைக் கண்டால் பூட்ஸைக் குனிந்து பார்ப்பார்கள். அதுக்குத்தான் மார்செலின் இருக்காளே என்பார்கள். போன கூட்டத்தில் பேசியது அவள் ஒருத்திதான். அதனால்தான் கம்பெனியிலிருந்து வந்த ஹோய்ட், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

கல்லறையிலிருந்து கூட்டம் வந்து சேர்ந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிப் பேருந்து ஓட்டியவளின் சாவுக்கு எத்தனை பேர் வருவார்கள்? நாற்காலி போதவில்லை. சுவரோரம் நின்றார்கள், மடியில் தட்டை வைத்துக்கொண்டு ஜன்னல் திட்டில் உட்கார்ந்தார்கள். கிம்பல் தன்னோடு வந்தவனின் காதில், "போன ஊர்ல நாலு பேரு," என்றாள். ஹோய்ட் தட்டில் பீன்ஸும் பன்றி இறைச்சியும் வாங்கிக்கொண்டு ஓர் ஓரமாக நின்றார். பசி யாரை விட்டது.

ஆர்மான்ட் கடைசி வரிசையில், கதவுக்கு மிக அருகில் உட்கார்ந்தார்.

"ஆளுக்கு மூணு நிமிஷம்," என்றாள் கிம்பல். மேசையில் நேரம் காட்ட மூன்று சிறு விளக்குகள் இருந்தன: பச்சை, மஞ்சள், சிவப்பு. "முதல்ல போன்ல பேரு குடுத்தவங்க." காகிதத்தைப் பார்த்தாள். நிறுத்தினாள். அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. "மார்செலின் தெரியோ," என்று குடும்பப் பெயரோடு மெல்லப் படித்தாள்.

கரண்டிச் சத்தங்கள் நின்றன. யாரும் திரும்பிப் பார்க்காமலேயே எல்லோரும் ஆர்மான்டைப் பார்த்தது அவருக்குத் தெரிந்தது. ஜினெட் முழங்கையால் விலாவில் ஒரு குத்து விட்டாள். எழுந்தார். எப்படி நடந்தார் என்று தெரியாது, மைக்குக்கு முன்னால் நின்றார்.

"அவ வரல," என்றார். "நான் அவ புருஷன்."

"உங்க இழப்புக்கு வருந்தறோம். நீங்க பேசறீங்களா?"

"இல்ல." கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். "என் மூணு நிமிஷத்தையும் அவளுக்கே குடுத்துடறேன்."

திரும்பி நடந்துவிட்டார். உட்கார்ந்தபோது அவமானம் காதுவரை ஏறியிருந்தது. அவளுக்குச் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியம், அதையும் கோட்டை விட்டாயிற்று.

ஆனால் பெட்ரோல் பங்க் வெண்டல் எழுந்துவிட்டான். ஆறடி மனிதன், அழுக்குத் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு மைக்குக்கு வந்தான். "வெண்டல் பிக்ஸ். நானும் என் நேரத்த மார்செலினுக்கே குடுக்கறேன்." அவன் பின்னால் ஒருவர், அவர் பின்னால் ஒருவர். பேசாமல் பேசிவிட இப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்ததும் ஊரே வரிசையில் நின்றது. மார்செலினுக்கு நேரம் குவிந்துகொண்டே போனது. ஹோய்ட் பீன்ஸ் தட்டோடு லேசாகச் சிரித்தார். இப்படியே போனால் அவருக்கு லாபம்தான்.

கிம்பல் கையை உயர்த்தினாள். "மன்னிக்கணும். இங்க இல்லாதவங்களுக்கு நேரம் குடுக்க விதி இல்ல. அப்படிக் குடுத்தா பதிவுல ஒண்ணுமே இருக்காது. உங்க நேரத்த நீங்கதான் பயன்படுத்தணும்."

வரிசை அசையாமல் நின்றது. முதலில் நின்றவள் முடிவெட்டும் கடை ரோண்டா. திரும்பிப் போகவும் வழியில்லை, பின்னால் அத்தனை பேர்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க," என்றாள். "மார்செலின் சொன்னதச் சொல்லலாமா?"

"சொல்லலாம்."

"நான் அவ பஸ்ல போனவ. பாலம் வந்தா பஸ்ஸ நடக்கிற வேகத்துக்குக் கொண்டு வந்துடுவா. 'எல்லாரும் இடது பக்கம் பாருங்க. அது பாறை இல்ல, ஆறு. தண்ணி வெளியூர் போயிருக்கு' ம்பா. தெனமும். காலைல ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி. அது ஆறுங்க. எழுதிக்கங்க."

தட்டச்சுப் பெண்ணின் விரல்கள் ஓடின. ரோண்டாவுக்கு அடுத்து வெண்டல் மறுபடி வந்தான்.

"ஆகஸ்ட்ல பாலத்துக்குக் கீழ குட்டையில மீன் செத்து நாறும். 'மூக்கப் பொத்தாதீங்க, யாரு செஞ்சதுன்னு யோசிங்க' ன்னுவா. எனக்கு அப்ப ஏழு வயசு. யோசிச்சேன். இவங்கதான்." தொப்பியால் ஹோய்டைக் காட்டினான். கூடம் சிரித்தது. ஹோய்ட் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

பிறகு நிற்கவில்லை. ஒருவர் விலாங்கு மீன் கடலுக்குத் திரும்பும் வழியைச் சொன்னார். ஒருவர் மின் நிலையத்துக்கு அந்தக் கொஞ்சம் தண்ணீர் பெரிய நஷ்டமில்லை என்று மார்செலின் பேருந்தின் பனி படிந்த கண்ணாடியில் விரலால் போட்டுக் காட்டிய கணக்கைச் சொன்னார். ஒருத்தி அழுதாள், அழுதுகொண்டே குழாயின் அகலத்தைச் சரியாகச் சொன்னாள். பேருந்தின் பின்னிருக்கையில் தூங்கியவர்கள், ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டவர்கள், அவளைக் கிறுக்கு என்று கூப்பிட்டவர்கள், எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்தது. யாருக்குத் தெரியும், அவர்களுக்கே இன்றுதான் தெரிந்தது. ஆர்மான்ட் கடைசி வரிசையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவள் முழுசாக அங்கே இருந்தாள், ஆளுக்கொரு துண்டாக. அவருக்குப் பெருமையாக இருந்தது.

"வேற யாராவது?" என்றாள் கிம்பல்.

இந்த முறை ஜினெட் குத்தவில்லை. ஆர்மான்ட் தானே எழுந்தார்.

"முன்ன பேச மாட்டேன்னேன். இப்ப பேசறேன். ஆர்மான்ட் தெரியோ." பச்சை விளக்கு எரிந்தது. "வீட்ல அவ இதப் பத்திப் பேசுனா நான் டிவி சத்தத்தக் கூட்டிடுவேன். அப்படியே இருபது நிமிஷம் பேசுவா, நான் இருபது நிமிஷம் டிவி பாப்பேன்." கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். யாரும் அவசரப்படுத்தவில்லை. மஞ்சள் எரிந்தது.

"எங்க வீடு ஆத்தங்கரையில இருக்கு. ஆனா ஆத்துச் சத்தம் கேக்காது. பனி உருகி வெள்ளம் அணையத் தாண்டி வரும்போது மட்டும் ஒரு வாரம் கேக்கும். அந்த ஒரு வாரமும் ஜன்னலத் திறந்து வெச்சுட்டுத்தான் தூங்குவா. பனிக் காத்து உள்ள வரும். நான் மூடுவேன், அவ எந்திரிச்சுத் திறப்பா. கல்யாணம் ஆனதுலேர்ந்து இதே சண்டை."

சிவப்பு எரிந்தது. அவர் விளக்கைப் பார்த்தார், கிம்பலைப் பார்த்தார்.

"என் நேரம் முடிஞ்சது, தெரியுது. ஆனா முதல்ல அவ பேரக் கூப்பிட்டீங்களே, அந்த மூணு நிமிஷம் அப்படியே இருக்கு."

கிம்பல் கை நீட்டி விளக்கை அணைத்தாள். "பேசுங்க," என்றாள்.

"பேச ஒண்ணும் இல்ல. அந்த ஒரு வாரத்த வருஷம் பூரா ஆக்கிக் குடுங்க. நான் கம்பளி வாங்கிக்கறேன்."

ஜினெட் கரண்டியால் பானையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். அதற்குப் பிறகு மேசை, தட்டு, தரை, ஜன்னல் திட்டு, கையில் கிடைத்ததையெல்லாம் எல்லோரும் அடித்தார்கள். சாவு வீட்டில் இப்படி ஒரு சத்தம் எங்கள் ஊர் கேட்டதில்லை. தட்டச்சுப் பெண் கருவியிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். கிம்பல் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, பழைய தடத்தில் தண்ணீர் விடுவது பற்றிய கேள்வி ஆய்வுப் பட்டியலில் சேர்கிறது என்றும், எவ்வளவு விட முடியும் என்று கம்பெனி அளந்து பார்த்து எழுத்தில் பதில் தர வேண்டும் என்றும் அறிவித்தாள். ஒருத்தி மட்டும் கேட்டதென்று, போன கூட்டம் முடிந்தபோது பட்டியலில் அந்தக் கேள்வியே இல்லை. ஹோய்ட் தலையாட்டி எழுதிக்கொண்டார். போகும்போது ஆர்மான்டிடம் கை கொடுத்து, "பீன்ஸ் நல்லாருந்துச்சு," என்றார். வேறென்ன சொல்வார் பாவம்.

இருட்டத் தொடங்கியிருந்தது. காலிப் பானையை மடியில் வைத்துக்கொண்டு ஆர்மான்ட் ஜினெட்டின் காரில் உட்கார்ந்தார். முன்னால் கார்கள் வரிசையாகப் பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

"என்ன, முன்னாடி அடைச்சிருக்கா?" என்றார்.

ஜினெட் முன்னால் பார்க்கும்படி கை காட்டினாள். முன்னால் போன கார் பாலத்தின் நடுவே வந்ததும் நடக்கும் வேகத்துக்கு வந்தது, பிறகு போனது. அதற்கு முன்னால் போனதும் அப்படித்தான் போனது. வெண்டலின் வண்டி, ரோண்டாவின் வண்டி, எல்லாமே அதே இடத்தில் மெதுவாகி, பிறகு வேகமெடுத்தன.

அவர்கள் முறை வந்தபோது ஜினெட் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள். ஆர்மான்ட் தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கினார். குளிர் உள்ளே வந்தது.