முள்ளுக்குப் பயப்படாத ரியூப்

இப்போதுள்ள ஆட்கள் சாமானைப் பார்த்து வாங்குவதில்லை. பெட்டியைப் பார்த்து வாங்குகிறார்கள். பெட்டி பளபளவென்று இருந்தால் போதும், உள்ளே என்ன கிடக்கிறது என்று ஒருவனும் கையை விட்டுப் பார்ப்பதில்லை. என் மருமகன் ஹெக்டர் அன்று பின்னேரம் ஓட்டமாவடிக்குப் போய்விட்டுப் பஸ்ஸால் வந்து இறங்கி, கால்கூடக் கழுவாமல் ஒரு சிவப்புப் பெட்டியை என் மூக்குக்கு முன்னால் நீட்டினான். பெட்டியில் ஒரு முள்ளம்பன்றி படுத்திருந்தது. அதன் முதுகின் மேல் தொப்பி போட்ட ஒருவன் சைக்கிள் ஓட்டிக்கொண்டு சிரித்தான்.

"மாமா, இனி உங்களுக்குப் பஞ்சர் எண்ட கதையே இல்ல. முள்ளுக்குப் பயப்படாத ரியூப். முனாப் நானாட கடையில இதுதான் கடைசிச் சோடி. அடிபட்டுத்தான் எடுத்தித்து வந்தன்."

"சில்லு முதுகில ஏறக்குள்ள பண்டி சும்மா படுத்துக் கிடக்குமா?"

"அது படம் மாமா."

"படத்திலயே பொய்."

எங்கள் பெரியகல்லாற்றில் பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் வீடும் அவளுக்குத்தான். மருமகன் பெட்டியோடு வந்து முன்வீட்டில் ஏறுவான், பெற்றவர்கள் பின்வளவில் ஒரு குடிலைப் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நானும் அப்படி ஏறியவன்தான். ஆனால் வீடு என் மகள் ஜோசப்பினுக்கு எழுதியாயிற்று, வளவும் அவளுக்கு, கிணறும் அவளுக்கு, கோழிகள் என் மனுசி பீற்றிஸுடையவை. என்னுடையது என்று அந்த வளவில் நின்றது சைக்கிள் ஒன்றுதான். விடியற்காலையில் வாவிக்கரையில் வலைகாரர்களிடம் மீன் எடுத்து, பெட்டியைப் பின்கரியலில் கட்டி, குருமண்வெளித் துறையில் சைக்கிளோடு தோணியில் ஏறி, மண்டூர்க் கரையில் இறங்கி, வயல்காரர் இருக்கிற ஊரெல்லாம் கூவிக்கொண்டு திரிந்து வருவது என் தொழில். செப்பலி, மணலை, காலம் வந்தால் இறால்.

அந்தத் தொழிலுக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. போன மாதம் வயல் வட்டையின் நட்ட நடுவில் முன்சில்லு காற்றுப் போய், சைக்கிளை உருட்டிக்கொண்டு வெயிலில் நடந்து, மீன் நாறி, அதை ஒரு நாய் முகர்ந்து பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுங்கிப் போய், நான் வீட்டுக்கு வந்து காய்ச்சலில் விழுந்தேன். அன்றிலிருந்து பீற்றிஸ் ஒரே பிடி. இனிச் சைக்கிள் வேண்டாம், ஹெக்டர் மனேஜராக இருக்கிற சங்கக்கடையில் காவலுக்கு இரு என்றாள். காவல் என்றால் வேறொன்றும் இல்லை. வாசலில் ஒரு கதிரை. அதில் குந்தியிருந்து மா மூட்டைகளைப் பார்க்க வேண்டும். மா மூட்டை எங்கே எழும்பி ஓடப்போகிறது? அந்தக் கதிரையை நினைத்தாலே எனக்கு இடுப்பும் நாரியும் உளைந்தன.

சத்தம் கேட்டுப் பீற்றிஸ் குசினிக்குள்ளிருந்து வந்தாள். நான் பெட்டியைத் திறந்து ரியூப்பைத் தூக்கிப் பார்த்தேன். என் பழைய ரியூப் பாம்பு கழற்றிய செட்டை மாதிரி, ஒட்டுக்கு மேல் ஒட்டு. இது எருமைத் தோல் மாதிரித் தடிப்பாய் இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. மெல்லியது என்றால் மெல்லியது என்று தெரிந்து நடந்துகொள்ளலாம். தடித்தது எப்போது கழுத்தறுக்கும் என்று யாருக்குத் தெரியும்?

"இது தாங்காது," என்றேன்.

"வருசக்கணக்காத் தாங்கும் மாமா."

"தாங்காது மருமகன். எழுதி வைச்சுக்கொள்ளுங்க. இந்த வயல் வெட்டு முடியிறதுக்கிடையில நான் இதை உருட்டித்துத்தான் வருவன்."

வாய்தான் மனுசனுக்குச் சத்துரு. பீற்றிஸ் உடனே பிடித்துக்கொண்டாள்.

"அப்ப சரி. நீங்க உருட்டின அண்டைக்குச் சைக்கிள் மருமகனுக்கு. நீங்க சங்கக்கடைக் கதிரைக்கு. புள்ள ஜோசப்பின், கேட்டுக்கொண்டயா? உங்கட அப்பாட வாயாலதான் வந்தது."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ரியூப் போனால் நான் சொன்னது சரி, ஆனால் சைக்கிள் போய்விடும். ரியூப் தாங்கி நின்றால் சைக்கிளும் நிற்கும், ஆனால் ஹெக்டர் சாகும்வரை என்னைப் பார்த்துச் சிரிப்பான். ஹெக்டரின் முகத்தைப் பார்த்தேன். அவனும் மேலும் கீழும் முழித்துக்கொண்டிருந்தான். சைக்கிளில் அவனுக்குக் கண், ரியூப்பிலோ மானம். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி.

இரண்டு சில்லுக்கும் அவனே ரியூப்பை மாட்டினான். சின்னப் பெடியனின் காற்சட்டைக்குள் வளர்ந்தவனை நுழைக்கிற மாதிரி, ரயருக்குள் அது போக மாட்டேன் என்றது. ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் வந்தது. பிறகு பம் அடித்தான். அடித்து அடித்துச் சேட் நனைந்து முதுகோடு ஒட்டியது. "பாத்தீங்களா மாமா," என்று மூச்சு வாங்கினான், "எவ்வளவு காத்துப் பிடிக்குது!" காற்று முழுக்க அவனிடமிருந்துதான் போனது.

உள்ளதைச் சொல்ல வேண்டும். நெருஞ்சி முள் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. முன்பு நெருஞ்சி பூத்தால் எனக்குப் பெருநாள் வந்த மாதிரித்தான், நாளுக்கொரு ஒட்டு. இப்போது ரயரில் குத்தியதைக் கையால் தட்டிவிட்டுப் போனேன். ஒரு நாள் மண்டூர்ச் சந்தியில் உடைந்த போத்தல் ஓட்டின் மேல் ஏறியும்விட்டேன். ரயரில் வாய் பிளந்த மாதிரி ஒரு வெட்டு. ரியூப் அசையவில்லை. இதை நான் வீட்டில் சொல்லவில்லை. ஆனால் அந்த ரியூப்பால் வந்த பாடு வேறு. பின்னால் ஒரு தடித்த மனுசனை ஏற்றிக்கொண்டு போகிற மாதிரிப் பாரம். பழைய ரியூப் என்றால் மதகு இறக்கத்தில் காலை எடுத்துவிட்டால் அரசமரத்தடி வரை தன்பாட்டில் போகும். இது பாதியில் நின்று, மிதியடா என்கிறது. கல்லில் ஏறினால் அந்தக் கல்லை நான் முதுகெலும்பில் எண்ணலாம். எதிர்க்காற்று நாட்களில் வாவிக்கரை ஓரமாய் நான் மிதிக்க, கரையில் நடந்து போகிற கொக்கு என்னைத் தாண்டிப் போனது. முள்ளும் குத்தாமல் மெல்ல மெல்லக் காற்று இறங்குகிற புத்தியும் அதற்கு இருந்தது. ஞாயிறு ஆராதனைக்குப் போகுமுன் பம் அடிக்காவிட்டால் திங்கள் காலை தளர்ந்து நிற்கும்.

அதனால் நான் அதை நம்பவில்லை. நின்ற இடத்திலெல்லாம் குனிந்து விரலால் ரயரை அமத்திப் பார்த்தேன். தோணிக்கார லூர்து ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கேட்டான்.

"காய்ச்சல்காரன்ட கையைப் பிடிக்கிற மாதிரி என்னத்துக்கு நெடுகப் பிடிக்கிறீங்க யாக்கோப்பண்ணே? செத்தா அது சொல்லாதா?"

"சொல்லாம சாகும். அதுதான் பயம்."

மண்டூருக்கு அங்கால் ஒரு வட்டை வரம்பு இருக்கிறது. மாடு இறங்காமல் இருக்க வயல்காரர் உடை மரத்துக் கொப்புகளை வெட்டி ஓரத்தில் அடைத்திருப்பார்கள். காய்ந்த கொப்பு முறிந்து வழியெல்லாம் முள். உடை முள் என்றால் விரல் நீளம், வெள்ளையாய், ஊசி மாதிரி. அந்த இடம் வந்ததும் நான் இறங்கிவிடுவேன். பின்சில்லை ஒரு கையால் தூக்கி, முன்சில்லை முள் இல்லாத இடம் பார்த்து வைத்து, வரம்பு முடியும் மட்டும் நடந்து, அங்கால் ஏறிக்கொள்வேன். போகும்போதும் வரும்போதும் அப்படித்தான். சைக்கிளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ரியூப்பை நம்பவா முடியும்? நான்தான் காப்பாற்ற வேண்டும்.

வரம்பு முடிகிற இடத்தில் இரத்தினம்மா என்று ஒரு வயல்காரி. நல்ல வாடிக்கை. ஒரு நாள் வேலியில் நின்று கேட்டாள்.

"என்னண்ணே, இண்டைக்கும் காத்துப் போயித்தா?"

"இல்ல புள்ள. நிறைய இரிக்கு."

"மறுகா என்னத்துக்கு உருட்டுறீங்க?"

"அது போகாம இரிக்கிறதுக்கு."

அவள் என்னையும் பார்த்தாள், சைக்கிளையும் பார்த்தாள். மணலை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பழுதான மனுசனிடம் மீன் வாங்குவது அவளுக்குச் சரியாய்ப் படவில்லைப் போலும்.

அந்த இரத்தினம்மாதான் களுவாஞ்சிக்குடியில் ஒரு கலியாணத்துக்கு வந்தவள், கருவாடு கேட்டு எங்கள் வளவுக்கும் வந்திருக்கிறாள். நான் பின்னேரம் திரும்பும்போது வீட்டு ஆட்கள் மூன்று பேரும் முற்றத்தில் பாட்டுக்காரர் மாதிரி வரிசையாய் நின்றார்கள். பீற்றிஸ் தொடங்கினாள்.

"பாவம் அண்ணன், நாள் தவறாம சைக்கிளை உருட்டித்து வாறார், வீட்டில ஒருத்தரும் கேக்கிறதில்லயா எண்டு அந்தப் பொம்பிள கேட்டித்துப் போறா. உருட்டினீங்களா இல்லையா?"

"உருட்டினன்."

ஹெக்டரின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப ரியூப் போயித்தா மாமா?"

"போகல்ல."

"போகல்லயா!" என்று துள்ளினான். பிறகு சைக்கிள் ஞாபகம் வந்து, வாசற்படியில் குந்திவிட்டான்.

"காத்து இரிக்கக்குள்ள ஒரு மனிசன் சைக்கிளை உருட்டுவானா?" என்றாள் பீற்றிஸ்.

"நம்பாத மனிசன் உருட்டுவான்."

"இதை நான் நம்பணும்."

"நம்பாட்டி விடு. நான் இந்த ரியூப்பையே நம்பல்ல, உன்னை நம்பு எண்டு எப்பிடிச் சொல்லுற?"

ஜோசப்பின் சிரித்துவிட்டாள். தாய் சிரிக்கவில்லை. "நாளைக்கு விடியக்க இந்த முற்றத்தில முள்ளுக்கு மேலால ஓடிக் காட்டுங்க. காத்து நிண்டா சைக்கிள் உங்களுக்கு. போனா கதிரை."

விடிந்ததும் ஹெக்டர் கிணற்றடித் தேசி மரத்தில் ஒரு முள்ளுக் கொப்பு வெட்டி முற்றத்தில் போட்டான். பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு மேலால் தலைகளை வைத்துவிட்டார்கள். "யாக்கோப்பண்ணே," என்று ஒருவன் கூப்பிட்டான், "பெரிய வெள்ளிக்கு இன்னும் நாள் கிடக்கே, இப்பவே முள்முடிக்கு முள்ளுச் சேக்கிறீங்களா?"

நான் அந்தத் தேசிக் கொப்பைக் காலால் புரட்டிப் பார்த்தேன்.

"இது முள்ளா மருமகன்? இதால பல்லுக் குத்தலாம்."

பின்வேலிக்குப் போனேன். அங்கே ஆடு நுழையாமல் நானே அடைத்த உடை மரத்துக் கொப்பு இருந்தது. இழுத்துக்கொண்டு வந்து முற்றத்தில் பரப்பினேன். ஜோசப்பின் ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"உங்களுக்கென்னப்பா விசரா? சின்ன முள்ளுல ஓடினா சைக்கிள் உங்களுக்குத்தானே!"

"ஓம். சின்ன முள்ளுல எல்லாச் சைக்கிளும் ஓடும். அதில ஓடி நான் என்னத்தக் கண்டுபிடிக்கிற?"

சொன்ன பிறகுதான் யோசித்தேன். கதிரை கண்ணுக்குள் வந்தது. மா மூட்டைகள் வந்தன. ஆனால் இத்தனை தலைகள் வேலியில் இருக்க, கொப்பை மாற்றுவதா? சாரத்தை மடித்துக் கட்டி ஏறினேன். வேலிப் படலையடியிலிருந்து மிதித்து வந்து முள்ளுக்கு மேல் ஏறினேன். முறுக்குக் கடிக்கிற மாதிரி நெறுநெறு என்றது. அங்கால் போய் இறங்கி, சைக்கிளை ஸ்ராண்டில் விட்டேன்.

பின்ரயரில் முட்கள் குத்தி முறிந்து நின்றன. ஒன்று மட்டும் முறியாமல் அடிவரை இறங்கி, குண்டி மட்டும் வெளியே தெரிந்தது. ஹெக்டர் காதை வைத்தான். பீற்றிஸ் காதை வைத்தாள். ஒரு சத்தமும் இல்லை.

"பாத்தீங்களா! பாத்தீங்களா மாமா!" ஹெக்டர் அந்தப் பெரிய முள்ளைப் பிடித்து இழுக்கப் போனான்.

"டேய், இழுக்காத!"

கலியாணம் கட்டி வந்த நாள்தொட்டு அவனை நான் 'டேய்' சொன்னதில்லை. கை அப்படியே நின்றது.

"முள்ளு அடைச்சித்து நிக்கக்குள்ள எப்பிடிக் காத்துப் போகும்? நீங்க இழுத்தா ஓட்டை திறக்கும்."

"இழுக்காட்டி ரியூப் நல்லதா எண்டு எப்பிடி மாமா தெரியிற?"

"இழுத்தா என்ட சைக்கிள் போகும்."

"அப்ப ரியூப்புக்கு வெற்றியா இல்லையா?" என்று வேலியிலிருந்து ஒருவன் கேட்டான். "முள்ளுக்கு," என்றான் இன்னொருவன். வேலி இரண்டாய்ப் பிரிந்து கத்தத் தொடங்கியது. பீற்றிஸ் கையை உயர்த்தினாள்.

"ஒருத்தரும் தொடக்கூடாது. பின்னேரம் மட்டுக்கும் இப்பிடியே நிக்கட்டும். அப்ப காத்து இரிந்தா அவருக்கு. அதுமட்டுக்கும் மாமனும் மருமகனும் பம்முக்குக் கிட்டப் போகாதீங்க." பம்மை எடுத்துப் படியில் வைத்து, அதன் மேலேயே குந்திக்கொண்டாள்.

வாவிப் பக்கமிருந்து வலைகாரரின் கூ கேட்டது. மீன் கரைக்கு வந்துவிட்டது. மீனுக்கு இந்த வழக்கெல்லாம் தெரியாது. நான் கரியலிலிருந்து பெட்டியை அவிழ்த்தேன்.

"அப்பா, நடந்தா போகப்போறீங்க?"

"மறுகா பறந்தா போற?"

போகுமுன் குனிந்து பின்ரயரை ஒருக்கால் அமத்தினேன். விரல் இறங்கவில்லை. மற்றப் பக்கத்தாலும் அமத்தினேன்.

"கல்லுப் போல இரிக்கு மாமா," என்றான் ஹெக்டர். கெஞ்சுகிற குரல். "ஒருக்கா, ஒருக்காச் சொல்லுங்க. நல்ல ரியூப் எண்டு."

"இப்ப இரிக்கு," என்றேன். "இன்னும் வெயில் ஏறல்ல."

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்வேலிப் பக்கமாய் இறங்கினேன். திரும்பிப் பார்த்தபோது ஹெக்டர் மணலில் நீட்டி நிமிர்ந்து படுத்து, காதைச் சில்லோடு ஒட்டி, ஒருவரும் மூச்சு விடக்கூடாது என்று ஒரு கையை உயர்த்திப் பிடித்திருந்தான். வேலிக்கு மேலிருந்த தலைகள் எல்லாம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தன. நான் இழுத்துக்கொண்டு வந்த கொப்பு வழியெல்லாம் முள்ளை உதிர்த்திருந்தது. காலில் செருப்பில்லை. ஒவ்வொரு அடியும் பார்த்துப் பார்த்து வைத்து, வாவிக்கரைப் பக்கம் நடந்தேன்.