பச்சை நூல்

என்னோடு தைத்துக்கொண்டிருந்த டெய்லரக்கா செத்து நாலு மாதம் ஆகியிருந்தது. அன்று காலை ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எங்கள் தையல் அறையைத் திறந்தால், முந்தின நாள் நான் முடிக்காமல் விட்டுப்போன ஆறு படுக்கை விரிப்புகளும் தைத்து மடித்து மேசைமேல் இருக்கின்றன. பச்சை நூல் தையல்.

வெள்ளை விரிப்பில் பச்சை நூல் ஓட்டுகிற ஆள் எனக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான். ஆபரேஷன் அங்கிக்கு வந்த நூலை எல்லாவற்றுக்கும் ஓட்டுவாள். கேட்டால், "நூல் கலரு பாத்தா படுக்கறான் நோயாளி? போடி" என்பாள். கத்தரிக்கோலையும் தேடமாட்டாள், பல்லால் கடித்துத் துப்புவாள். விரிப்பைத் திருப்பிப் பார்த்தேன். நூல் முனை கடித்த பிசிறாக இருந்தது.

தையல் மட்டும் கொஞ்சம் கோணல். செத்தவளுக்குக் கை நடுங்காதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த நினைப்பு அவ்வளவு சாதாரணமாக வந்ததுதான் பயமாக இருந்தது.

அடுத்த மாதம் எனக்கு நாற்பத்தொன்பது. என் அம்மா சுவரோடு பேச ஆரம்பித்த வயது அது. திடீர் திடீரென்று உடம்பு எரிகிறது என்று ரவிக்கையைக் கழற்றி எறிவாள், தூங்கமாட்டாள், அடுப்பில் வைத்ததை மறப்பாள். அப்பா ஒரே வார்த்தையில் பைத்தியம் என்று முடித்துப் பின்னறையில் விட்டுத் தாழ்போட்டார். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மா தினமும் ஒரே கேள்வி கேட்பாள்: "யாராவது வந்தாங்களா?" பள்ளிக்கூடப் பையை இறக்கிக்கொண்டே நான் சொல்வேன்: "யாரும் வரலம்மா."

இப்போது எனக்கும் உடம்பு எரிகிறது. தூக்கம் போயே போச்சு. வாயில் வந்த வார்த்தை நாக்கு நுனியிலேயே நின்றுவிடுகிறது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. அப்பா சொன்ன அந்த வார்த்தையை இங்கே யாரும் சொல்வதற்குள் நின்றுவிடலாம் என்று வேலையை விடுகிற கடிதத்தை எழுதிக் கைப்பையில் வைத்திருந்தேன்.

ஆனால் கொடுக்க மனசு வரவில்லை. இரண்டு வாரமாக, நான் விட்டுப்போன வேலை எல்லாம் மறுநாள் காலையில் முடிந்திருந்தது. நான் அவளுடைய மெஷினோடு பேசத் தொடங்கினேன். "இன்னிக்கும் வந்தியாக்கா? கை வலிக்கலையா?" வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

ஒருநாள் அவளைப் பார்த்தே தீர்வது என்று அரைமணி முன்னாலேயே போனேன். நடையிலேயே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. கதவைத் தள்ளினேன்.

அவளுடைய நாற்காலியில் சோப்பு உட்கார்ந்திருந்தாள். துவைக்கிற பிரிவில் இருப்பதால் அந்தப் பட்டப்பெயர், என்னைவிடச் சின்னவள். விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது அனல், இஸ்திரி போடுவதால் அவளுக்கு அந்தப் பெயர், என்னைவிட ஐந்து வயது மூத்தவள். சோப்பு குனிந்து நூலைப் பல்லால் கடித்தாள்.

"யாரு உங்கள இதத் தொடச் சொன்னது?" என்று கத்தினேன்.

"கத்தாதடி," என்றாள் அனல். "போன மாசம் நீ தைச்சது மூணு தடவ வார்டுலேருந்து திரும்பி வந்துச்சு. ரெண்டு ஓரத்தையும் சேத்து மூட்டையாட்டம் தைச்சு வெச்சிருக்க. அதுல எங்கேருந்து மனுஷன் படுக்கறது? மேற்பார்வையாளர் கண்ணுல படறதுக்குள்ள பிரிச்சுத் தைச்சோம், நீ பாதியில விட்டதையும் முடிச்சு வெச்சோம்."

"பச்ச நூல் எதுக்கு?"

"இந்த மெஷின்ல அதுதானே கோத்துக் கெடந்துச்சு. நீ உன் மெஷினப் பூட்டிச் சாவிய வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடற. வேற நூல் கோக்க எங்களுக்குத் தெரியுமா?"

"கத்தரிக்கோலும் உங்க பெட்டிக்குள்ளதான்க்கா இருக்கு," என்றாள் சோப்பு. "எனக்குப் பல்லெல்லாம் கூசுது."

அவர்கள் சிரித்தார்கள்.

"அப்போ அக்கா வரலையா?" என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றது. அனல் விரிப்பைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். நாலு மாதம் அழாததை எல்லாம் அழுதேன். அம்மா, பின்னறை, பையில் இருக்கிற கடிதம் என்று எல்லாம் கொட்டிவிட்டேன்.

"மூணு வருஷம் முன்னாடி நான் தினமும் இஸ்திரிப் பெட்டிய அணைக்காமப் போயிடுவேன்," என்றாள் அனல். "டெய்லரக்காதான் திரும்பி வந்து அணைச்சா. மூச்சு விடல. ஒருநாள் நானே கையும் களவுமாப் பிடிச்சேன். 'தீட்டு நிக்கற வயசு, எனக்கும் இந்தச் சூடு இருந்துச்சு, தணியும்டி'ன்னா. நாளைக்கு நானும் கூட வரேன், டாக்டரம்மாவப் பாத்துட்டு வரலாம். இதுக்கு மருந்து இருக்கு."

"அப்போ எங்கம்மாவுக்கு..."

"உங்கம்மாவுக்கும் இதேதான் இருந்திருக்கும்க்கா," என்றாள் சோப்பு மெதுவாக. "கூட உக்கார ஆளில்ல. வேற யாரோட பேசுவாங்க? சுவத்தோடதான்."

முப்பத்தைந்து வருஷம் கழித்து அந்தக் கதவின் தாழ் என் கையில் கனத்தது. அதைத் திறக்க எனக்கும் எட்டியிருக்கும்.

பாதியில் நின்ற விரிப்பை நானே தைக்க உட்கார்ந்தேன். நாலு விரல்கடை ஓடியதும் கீழே பாபினில் நூல் தீர்ந்தது. டெய்லரக்கா தன் கையால் சுற்றிவைத்தவற்றில் கடைசி பாபின் அது. வெறும் பாபினைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். பிறகு வெள்ளை நூலை எடுத்து இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தி எப்படிக் கோர்ப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். அனலுக்கு ஊசிக் காது தெரியவில்லை. கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டாளாம்.

மறுநாள் நான்தான் முதலில் வந்தேன். அவளுடைய மெஷின் சும்மா இருந்தது. பேச வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அத்தனை அமைதியில் அறை அந்தப் பழைய கேள்வியைக் கேட்டது, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட அதே குரலில். நடையில் இரண்டு ஜோடிச் செருப்புச் சத்தம், கண்ணாடி எங்கே என்று யாரோ யாரையோ திட்டுகிற சத்தம்.

"வந்துட்டாங்கம்மா," என்றேன்.