வலிக்காத பாதம்

ஸைமா ஜீப்பின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் அறைந்தாள். கடைக்குள் மட்டும் போடும் ரப்பர் செருப்போடு ஏரிக்கரை வரை ஓடி வந்திருக்கிறோம் என்பதே அப்போதுதான் உறைத்தது.

"ஞானவேலு, பழனி ரோடு. வெரசா எடு."

டீ உறிஞ்சிக்கொண்டிருந்த டிரைவர் ஞானவேல் கிளாஸை வைத்தான். "ஊரான் காலப் பிடிக்கிற ஆளு, இப்பிடி ஓடியாந்து நான் பாத்ததே இல்லையேக்கா."

"நக்கலை வண்டியில வச்சுக்க. பாதயாத்திரைக் கூட்டம் நாலு மணிக்கே கெளம்பிருச்சாம். வேலப்பண்ணனைப் பிடிக்கணும்."

"மண்டி வேலப்பனா? அவருக்கு என்னக்கா?"

"போகப் போகச் சொல்றேன்."

ஜீப் பெருமாள்மலை இறக்கத்தில் பாய்ந்தது. பனி இன்னும் கலையவில்லை. ஸைமா கைப்பேசியை எட்டாவது தடவையாகக் காதில் வைத்தாள். வேலப்பன் அணைத்துத்தான் வைத்திருந்தார்.

ஏரிக்குப் பக்கத்து மாடியில் பத்து வருஷமாகக் கடை. இரண்டு நாற்காலி, ஒரு எண்ணெய் அலமாரி. உடம்பிலுள்ள ஒவ்வொரு உறுப்புக்கும் பாதத்தில் ஒரு புள்ளி உண்டு, அதை அழுத்தினால் உறுப்பு சீராகும் என்பது அவள் படித்த தொழில். காய்கறி மண்டி வைத்திருக்கும் வேலப்பனுக்கு இருபது வருஷச் சர்க்கரை. செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்துவிடுவார்.

அரை மணி நேரத்துக்கு முன்னால் அவர் மனைவி சிவபாக்கியம் ஒரு பை மலைப்பூண்டோடு படியேறி வந்தாள். நன்றி சொல்லத்தான் வந்தாள்.

"நேத்து நீ பிடிச்சுவிட்டதுல மனுசன் வெறுங்கால்ல பறக்குறாரு ஸைமா. மாலை போட்டதுல இருந்து மாத்திரைகூட இல்லை, தெரியுமா?"

"என்ன மதினி சொல்றீங்க?"

"கேப்ஸ்யூல் கூடு மாட்டெலும்புல செய்யிறதாம்ல. விரதத்துல ஆகாதுன்னு எல்லாத்தையும் விட்டுட்டாரு. நாப்பத்தெட்டு நாளு. கல்லாட்டம் இருக்காரு."

ஸைமாவுக்கு நேற்றைய இடது பாதம் கண்முன் வந்தது. அடியில் ஒரு பிளாஸ்திரி. செருப்புக் கடி என்றார். அவளும் அதை விட்டுச் சுற்றிலும் அழுத்தினாள். ஒரு தடவை அழுத்தும் மரக்குச்சி வழுக்கிக் குதிகாலில் ஆழமாக இறங்கியது. வேலப்பன் கேரட் லோடு பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். முகம் சுளிக்கவில்லை.

மாத்திரை இல்லாத சர்க்கரை. உணர்ச்சி செத்த கால். அதில் ஒரு புண். வெறுங்காலோடு அறுபது கிலோமீட்டர்.

"காலை எடுக்க வேண்டி வரும் ஞானவேலு," என்றாள். "லேட்டானா காலோட நிக்காது."

ஞானவேல் ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.

வடகவுஞ்சிக்கு இந்தப் பக்கம் பச்சை வேட்டிகள் தெரிந்தன. ஸைமா ஜீப் நிற்குமுன் குதித்தாள். தாரில் முதலில் கண்ணில் பட்டது மனிதர்கள் அல்ல. ஓரடி விட்டு ஓரடி, ஒரே பாதத்தின் சிவப்பு அச்சு. கூட்டத்தின் தலைப்பக்கம் வரை போயிருந்தது.

"வேலப்பண்ணே, நில்லுங்க. கால்ல ரத்தம் வருது."

கூட்டத்தை நடத்தி வந்த குருசாமி பழனிமுத்து குறுக்கே வந்தார். "தெரியும்மா. பெருமாள்மலையிலேயே பாத்தோம். முள்ளு ஏறியும் சாமிக்கு வலிக்கலை. முருகன் வலிய வாங்கிக்கிட்டான். இப்பப் போயி நிப்பாட்டாதீங்க."

வேலப்பன் சிரித்தார். "பாத்தியாம்மா, இருவது வயசுல நடந்தாப்ல இருக்கு."

"ரெண்டு நிமிசம் உக்காருங்கண்ணே. கண்ணை மூடிக்கிருங்க. உங்க கால்ல எந்த விரலைத் தொடுறேன்னு மட்டும் சொல்லணும்."

"இது என்ன சின்னப்புள்ள வெளாட்டு."

"வெளாட்டுத்தான். சரியாச் சொல்லிட்டா நடங்க. நானே கூட நடந்து வாரேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து கண்ணை மூடினார். ஸைமா தரையில் மண்டியிட்டுப் பாதத்தை மடியில் எடுத்தாள். பிளாஸ்திரி கழன்று தொங்கியது. உள்ளே ஐந்து ரூபாய் வட்டத்துக்கு ஒரு குழி, ஓரமெல்லாம் கறுப்பு. அழுகல் வாடை மூக்கில் ஏறியது. பழனிமுத்து துண்டால் வாயைப் பொத்தினார்.

ஸைமா சுண்டுவிரலை நகத்தால் கிள்ளினாள். பெருவிரலைப் பலம் கொண்ட மட்டும் நெரித்தாள்.

வேலப்பன் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு சொன்னார்: "ம், தொடும்மா."

சிரித்தவர்கள் குனிந்து அவள் கையைப் பார்த்தார்கள்.

"தொடும்மா. கூட்டம் நிக்குதுல்ல."

பழனிமுத்துதான் குனிந்து அவர் தோளைப் பிடித்தார். "சாமி, கண்ணத் தொறங்க. தொட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க."

வேலப்பன் பார்த்தார். அவளுடைய கட்டைவிரல் தன் விரலில் புதைந்திருப்பதை வெகுநேரம் பார்த்தார். எழுந்து ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

பழனியில்தான் பெரிய ஆஸ்பத்திரி என்றான் ஞானவேல். ஸைமா துணியால் பாதத்தைச் சுற்றிப் பிடித்திருந்தாள். பத்து வளைவு தாண்டியது. அவளுக்குப் பொறுக்கவில்லை. கோபமாகவே கேட்டாள்.

"கேப்ஸ்யூல் ஆகாதுன்னா சரி. வெறும் மாத்திரைய முழுங்குறதுக்கு என்னண்ணே? ஒரு கூடுக்காக இப்பிடியா பண்றது? வர்ற எல்லாருக்கும் படிச்சுப் படிச்சுச் சொல்றேன், இது மருந்துக்குத் துணைதான், மருந்தை நிப்பாட்டாதீங்கன்னு."

வேலப்பன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூடும் இல்ல, விரதமும் இல்ல. அது அவ கேட்டதுக்குச் சொன்ன சாக்கு. மாலை போடுறதுக்கு முன்னாடியே, ஐப்பசியிலேயே நிப்பாட்டிட்டேன்."

"எதுக்கு?"

"உன்னையச் சண்டைக்கு இழுப்பாள்ல, அதான் அவகிட்டச் சொல்லலை." அவர் அவள் பக்கம் திரும்பினார். முகத்தில் துளி கோபம் இல்லை. "ஒரு செவ்வாக்கெழமை, இந்தக் காலைத்தான் பிடிச்சுக்கிட்டு இருந்த. உள்பாதத்துல அமுக்கி, இது கணையத்துப் புள்ளி, வலிக்குதாண்ணேன்னு கேட்ட. முன்னெல்லாம் உசுரு போகும், அன்னைக்கு ஒண்ணுமே தெரியலை. இல்லைன்னேன். உனக்கு அம்புட்டுச் சந்தோசம். வலி விட்டுருச்சுன்னா கணையம் சரியாயிருச்சுன்னு அர்த்தம்ணேன்னு சொன்ன. வீட்டுக்குப் போன கையோட மாத்திரையத் தூக்கிப் போட்டுட்டேன்."