ஆல்டர்னேட்டருக்குள் சந்தனம்

வேனை விட்டு இறங்கிய பிரபாகர் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "மெக்கானிக் இல்லீங்களா?" என்றார். ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன, தோசையா சுட்டுக்கொண்டிருந்தேன்? பதினாலு வருஷமாக இது என் பட்டறை. வாசலில் 'விஜயராணி ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ்' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது. பனியன் கம்பெனி முதலாளிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவும் ஒரு ஆள் வேண்டும் போல.

"நான்தான்" என்றேன்.

"பேட்டரி புதுசுங்கக்கா. பத்து நாள்ல மூணு தடவை செத்துப்போச்சு. இந்த மகராசன் லைட்டைப் போட்டுட்டுத் தூங்கியிருக்கான். இன்னையோட இவனை நிறுத்தீர்றேன்" என்று டிரைவரைக் காட்டினார்.

டிரைவர் மொக்கைச்சாமிக்கு உசிலம்பட்டிப் பக்கம். ஆறு வருஷமாக இதே வேன்தான் ஓட்டுகிறார். வேலை போனால் கம்பெனி கொடுத்த லைன் வீடும் போய்விடும். மகள் பத்தாவது படிக்கிறாள். அப்படியும் வாயைத் திறக்காமல் நின்றார். எனக்கு அவர் மேலும் எரிச்சல்தான் வந்தது.

"பேட்டரிக்குச் சார்ஜ் போகுதான்னு பார்த்தீங்களா?" என்று கேட்டேன். பார்க்கிற ஆளாக இருந்தால் என்னிடம் ஏன் வருகிறார்! ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரைக் கழற்றி மேஜையில் வைத்து, நாலு போல்ட்டை எடுத்து இரண்டு பாதியாகப் பிரித்தேன். கம்பிச் சுருளெல்லாம் மஞ்சள். சுற்றுகிற பாகத்தில் உரசிக்கொண்டே மின்சாரம் கொடுக்க வேண்டிய கார்பன் பிரஷ் தன் கூட்டுக்குள்ளேயே அசையாமல் ஒட்டிக்கிடந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன். சந்தனம்! எண்ணெய் பார்த்திருக்கிறேன், பனியன் பஞ்சு பார்த்திருக்கிறேன், எலிக்குஞ்சுகூடப் பார்த்திருக்கிறேன். கோயில் வாசனை அடித்த ஆல்டர்னேட்டர் இதுதான் முதல்.

"ஆயுத பூஜைக்கு இன்ஜினைக் குளிப்பாட்டினது யாருங்க?"

மனுஷன் நெஞ்சை நிமிர்த்தினார். "நானேதானுங்க. மத்தவங்கெல்லாம் பானெட்டு மேல பொட்டு வெச்சுட்டுப் போயிருவாங்க. நான் பானெட்டைத் தொறந்து, ஒரு கொடம் சந்தனமும் மஞ்சளும் கரைச்சு, உள்ளுக்கே அபிசேகம் பண்ணீட்டனுங்க."

அட கடவுளே! பிரஷ்ஷை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். "உங்க பக்தி இங்க காஞ்சு ஒட்டிக்கிடக்கு. இது இப்படி இருந்தா சார்ஜ் எப்படி ஏறும்? லைட்டாம், தூக்கமாம்!"

கொஞ்சமாவது முகம் சுருங்கும் என்று பார்த்தேன். ம்ஹூம். டிரைவர் பக்கம் திரும்பிப் பாய்ந்தார். "ஏண்டா, பக்கத்துலதான நின்னே? ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"சொல்லத்தான் வந்தேன் மொதலாளி. பூசை பண்ற எடத்துல கிட்ட வராத, தள்ளி நில்லுன்னுட்டீக."

பிரபாகர் செல்போனைக் கையில் எடுத்தார். மன்னிப்பெல்லாம் அந்த வாயில் வருமா? நான் சுத்தம் பண்ணி, பிரஷ் மாற்றி, திரும்பப் பூட்டி, வேனைக் கிளப்பிச் சார்ஜ் ஏறுவதைக் காட்டும்வரை செல்போனையே நோண்டிக்கொண்டிருந்தார். பிறகு சாவியை நீட்டி, "செரி செரி, வந்து வண்டியை எடு" என்றார்.

மொக்கைச்சாமி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"கிட்ட வரலாமா, மொதலாளி?" என்று கேட்டார்.