மூன்றாம் மாடியிலிருந்து இறங்காதவர்

டிரைவிங் மாஸ்டர் தத்தெடுக்கப் போனது மடியில் வைத்துக் கொஞ்சுகிற மாதிரி ஒரு நாய்க்குட்டியை. கூட்டிவந்ததோ ஆறு வயதும் நாற்பத்தைந்து கிலோவும் உள்ள ஒரு ஆண் நாயை. காப்பகத்தில் மற்ற நாய்களெல்லாம் கம்பியைப் பிறாண்டிக் குதிக்க, இது மட்டும் யார் கேட்கப் போகிறார்கள் என்று மூலையில் படுத்திருந்தது. மனிதருக்கு அங்கேயே மனசு இளகிவிட்டது. ஏற்கெனவே இரண்டு வீட்டில் வேண்டாமென்று திருப்பிவிட்ட நாய் என்று காப்பகத்து அம்மா சொல்லியிருந்தார். அதை வீட்டில் சொல்ல மாஸ்டருக்குத் தைரியம் வரவில்லை.

மனைவி நாயை ஏற இறங்கப் பார்த்தாள். "நம்ம வீட்டுல பெரியவங்க யாரும் இல்லைங்கற குறை தீர்ந்துச்சு," என்றாள். அன்றிலிருந்து நாய்க்குப் பெயரே பெரியவர். பெரியவர் எழுந்தாச்சா, பெரியவருக்கு சோபா போதுமா என்று மரியாதைக்குக் குறைச்சலே இல்லை. நாயின் வேலை எதையும் தன் தலையில் கட்டக்கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. படி ஏறுவதில் பெரியவர் புலி. இறங்க வேண்டுமென்றால் மட்டும் முதல் படியைக் கண்டதும் நான்கு காலையும் பரப்பிப் படுத்துவிடுவார். பிஸ்கட்டைக் காட்டினால் கழுத்தை நீட்டி வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான். கிளட்சைக் கண்டு நடுங்கிய எத்தனையோ பேரை வண்டியோட்ட வைத்த மாஸ்டரின் பாச்சா இங்கே பலிக்கவில்லை. காலையும் மாலையும் பெரியவரைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சு வாங்க இறங்கினார். பெரியவர் வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தார். பத்தாம் நாள் காப்பகத்து அம்மா வந்து பார்ப்பார். இந்த வீடு சரிப்படாது என்று தோன்றினால் திரும்பக் கூட்டிப்போய்விடுவார். அதை நினைத்தாலே மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆறாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. மாஸ்டர் கட்டிலில் கிடக்க, பெரியவர் அவசரம் தாங்காமல் கதவருகே முனகினார். மனைவிக்கு வேறு வழியில்லை. துணி ஊறிக் கிடக்கிறது, எனக்கு வேற வேலை இல்லையா, இந்த உடம்பை வைத்துக்கொண்டு படிக்குப் பயப்பட வெட்கமாக இல்லையா என்று வாசலில் அவள் திட்ட ஆரம்பித்தது கட்டில்வரை கேட்டது. சற்றுநேரத்தில் அதே திட்டு இரண்டாம் மாடியிலிருந்து கேட்டது. பிறகு முதல் மாடியிலிருந்து. மாஸ்டர் வலியோடு வலியாகச் சிரித்தார்.

"திட்டிக்கிட்டே முன்னால போனா பின்னாலேயே வர்றாரு. ஆனா உடம்பெல்லாம் நடுங்குது, பாவம்," என்றாள் திரும்பி வந்த மனைவி. அதற்குப்பிறகு காலையும் மாலையும் மாடிப்படி முழுக்க அவள் குரல்தான்.

பத்தாம் நாள் காப்பகத்து அம்மா தத்துப் படிவத்தோடு வந்தார். நாய் படி இறங்குவதைப் பார்க்க வேண்டுமென்றார். வந்தவர் முன்னால் வாய்க்கு வந்தபடி திட்ட முடியுமா? மனைவி தொண்டையைச் செருமி, "வாங்க, இறங்கலாமா?" என்று ரேடியோவில் செய்தி வாசிப்பவள் மாதிரி கேட்டாள். பெரியவர் நான்கு காலையும் பரப்பிப் படுத்தார். மாஸ்டர் கெஞ்சிப் பார்த்தார். ஒரு அசைவு இல்லை.

காப்பகத்து அம்மா பெருமூச்சு விட்டார். "ரெண்டு வீட்டுல திருப்பி விட்டாங்க, இங்கேயும் சரிப்படலை. மாடிப்படி இல்லாத வீட்டுக்காரங்க யாராவது கேட்பாங்க. நான் கூட்டிட்டுப் போயிடறேன்."

"ரெண்டு வீடா?" என்று மனைவி புருஷனைப் பார்த்தாள். மாஸ்டர் தரையைப் பார்த்தார்.

அவள் வெடித்துவிட்டாள். "இந்த மனுஷன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. நீங்களும் வந்தவுடனே கூட்டிட்டுப் போறேன்கறீங்க. வாசல் வாசலாத் திருப்பி அனுப்ப அவர் என்ன பார்சலா? நடுங்கிக்கிட்டே என் பின்னால வந்தாரே, உங்களுக்குத் தெரியுமா? அவர் எங்கேயும் போகமாட்டார். இங்கதான் இருப்பார்!" கண்ணில் நீர் முட்ட, குரல் தரைத்தளம்வரை போனது.

பெரியவர் எழுந்தார். உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டு, மூன்று பேரையும் விலக்கி, முதல் படியில் கால் வைத்தார். பிறகு அடுத்த படி. நிதானமாக மூன்று மாடியும் இறங்கிப்போய்த் தெருக்கதவருகே நின்று, ஏன் ஒருவரும் வரவில்லை என்று அண்ணாந்து பார்த்தார்.

காப்பகத்து அம்மா படிவத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"எங்கேயும் போகமாட்டார்னு நான் தொண்டை கிழியக் கத்தறேன், இவர் பாட்டுக்குப் போறாரு பாருங்க," என்று அழுதுகொண்டே மனைவி கீழே ஓடினாள்.