பதினேழு ஒன்றுகள்

சனிக்கிழமை காலை, காப்பி ஆறுவதற்குள், மீதி பூஜ்ஜியம் வந்துவிட்டது. எட்டு வருஷமாக நானும் பங்காரம்மாவும் தேடியது இதைத்தான். ஆனாலும் எனக்குக் கோபம்தான் வந்தது.

ஒன்றைப் பதினேழு முறை வரிசையாக எழுதினால் ஓர் எண் வருமே, அது வேறு ஏதாவது எண்ணால் மீதியில்லாமல் வகுபடுமா என்பதுதான் எங்கள் கேள்வி. கோயமுத்தூரில் ஒரே பள்ளியில் கணக்கு டீச்சர்களாக இருந்து, எண்பத்தொன்பதில் ஒரே நாளில் ஓய்வு பெற்றோம். அவள் அவிநாசியில் மகன் வீட்டு மாடியறைக்குப் போனாள். நான் போத்தனூரில் தனிக்கட்டை. "நலம், நலமறிய ஆவல்னெல்லாம் எனக்கு எழுத வராது அம்மணி. கணக்கு எழுதிப் போடறேன், நீயும் போடு" என்றாள்.

வாரம் ஆளுக்கொரு போஸ்ட்கார்டு, கார்டுக்குப் பன்னிரண்டு வகுத்தல். முப்பத்துநான்கால் வகுத்தால் மீதி ஒன்று தரும் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும். கார்டின் கடைசி வகுத்தலை மற்றவள் மறுபடி போட்டுப் பார்த்து, தன் கார்டின் தலையில் எழுதி, சிவப்பு டிக் போட வேண்டும். அதில் பங்காரம்மா எமகாதகி. ஒருமுறை நான் எட்டை ஏழாக்கியதற்கு, "தூங்கிட்டே போட்டியா?" என்று எழுதினாள். எண்களைத் தவிர அவள் எனக்கு எழுதிய ஒரே வரி அது. எத்தனை முறை படித்திருப்பேன்!

அன்று வகுத்த எண் 2071723. மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் பூஜ்ஜியம். விடை தெரிந்தால் கார்டு நின்றுபோகும். வேறு எண் எடுக்கலாமே என்பீர்கள். அறுபத்தாறு வயதில் யார் யாரைக் கேட்பது? போதும் என்று அவள் எழுதிவிட்டால்?

'மீதி 11408' என்று எழுதினேன். இதைவிடச் சின்னத் தப்புக்கு எத்தனை பிள்ளைகளின் காதைத் திருகியிருக்கிறேன்! தபால்பெட்டியில் போட்ட பிறகுதான் உறைத்தது. அது பன்னிரண்டாவது, கார்டின் கடைசி. அவள் போட்டுப் பார்ப்பாள்.

வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை வரும் அவள் கார்டு வரவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மறு செவ்வாய் தபால்காரர் ஐயாசாமி வந்தார். என் வாசலில் நின்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவர்தான்.

"ஏனுங்க டீச்சர், அவிநாசிக் கார்டுங்க. எப்பப் பார்த்தாலும் வெறும் நம்பராவே இருக்குதே, லாட்டரிங்களா?"

பிடுங்காத குறையாக வாங்கினேன். தலையில் '2071723, மீதி 11408' என்று இருந்தது. பக்கத்தில் சிவப்பு டிக். அதன் கீழே அடுத்த பன்னிரண்டு எண்களும் அவற்றின் மீதிகளும்.

வகுத்துப் பார்க்காமல் டிக் போடுகிறவளா அவள்? அவளுக்கும் பூஜ்ஜியம்தான் வந்திருக்கும். அந்த மாடியறையில் அவளும் என்னைப் போலத்தான் உட்கார்ந்திருக்கிறாள். எட்டு வருஷமாக எனக்கு அது தெரியவில்லை. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

"ஐயோ, லாட்டரி உழுகலீங்களா டீச்சர்?" என்றார் ஐயாசாமி.

"இல்லீங்க," என்றேன். "இன்னும் நெறையாப் பாக்கி இருக்குதுங்க."